பெர்கனில் வளராத புகைக்கூடு

சனிக்கிரகத்தின் நிலவுக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்கே களியக்காவிளை நெரிசலில் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் போன வருடம் அந்த நிலவின் பொருட்டு நார்வேயின் பெர்கன் நகரத்துக்குப் பத்து நாள் போய்வந்தேன். போகும்போது நிபுணர். வரும்போது என்ன என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

சனியைச் சுற்றும் சிறிய நிலவுகளில் ஒன்று என்செலடஸ். மேலே பனிக்கட்டி ஓடு, அடியில் கடல். அந்தக் கடலின் தரையில் பாறை இடுக்குகள் வழியாகச் சூடான நீர் ஊறுகிறது என்று நம்பக் காரணங்கள் உண்டு. நம் பூமியின் ஆழ்கடலிலும் இப்படி நடக்கிறது. சுடுநீர் கரைத்துக் கொண்டுவரும் கனிமங்கள் குளிர்ந்த கடலைத் தொட்டதும் கெட்டியாகும். ஊற்றின் வாயைச் சுற்றிப் படிந்து படிந்து புகைக்கூடுபோல உயர்ந்து நிற்கும். அந்த நிலவிலும் அப்படி நிற்குமா, நின்றால் எந்தக் கனிமத்தால் நிற்கும் என்பது உலகத்தில் கொஞ்சம் பேருடைய கவலை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் நானும் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி.

எங்கள் ஆய்வகத்தில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் உப்பும் சோடாவும் கலந்த நீரை ஊற்றி, சுற்றிலும் ஐஸ் அடுக்கினேன். அதுதான் நிலவின் கடல். அடியில் ஒரு துளை வழியாக, சிலிக்கா கரைந்த காரநீரைச் சூடாக்கிச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். அதுதான் ஊற்று. மூன்றாம் நாள் காலையில் துளையின் மேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குழல் நின்றது. நடுவில் துளை, சுவர் கெட்டி.

எங்கள் ஆய்வக உதவியாளர் தங்கமணி அண்ணன் நெற்றி நாமத்தோடு குனிந்து பார்த்தார். ஓய்வு பெற அப்போது மூன்று வருடம் இருந்த, பேச்சு குறைந்த மனிதர்.

“பாம்புப் புத்து மாதி இருக்கு மேடம். உள்ள ஏதாச்சும் வந்து குடியிருக்குமா?”

“அதைத்தான் அண்ணே உலகமே கேக்குது.”

சிலிக்காக் குழல் என்று நான் எழுதிய கட்டுரை படத்தோடு ஒரு சிறிய ஆய்விதழில் வந்தது. சில மாதம் கழித்து பெர்கனில் இருந்து பேராசிரியர் ஹெல்கே எழுதினார். உங்கள் செய்முறையைத்தான் அப்படியே பின்பற்றுகிறோம், நான்கு மாதமாகியும் எங்கள் தொட்டியில் ஒன்றும் வளரவில்லை, நீங்களே வந்து உங்கள் கையால் செய்துகாட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைக் கல்லூரியில் படித்துக்காட்டாத ஆள் இல்லை. ‘உங்கள் கையால்’ என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் உயரும் என்று பிறகு சொன்னார்கள். மறுவாரம் கல்லூரி வாசலில் என் முகம் போட்ட பிளெக்ஸ் தொங்கியது. என் முகம் நிலவின் அளவிலும், நிலவு என் பொட்டின் அளவிலும் இருந்தன.

குழலைப் பஞ்சில் பொதிந்து எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மடியிலேயே கொண்டுபோனேன். வளைகுடா வரைக்கும் பக்கத்து இருக்கையில் குளச்சல்காரர் ஒருவர், பெயர் பெனடிக்ட். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. எனக்கும் குளச்சல்தான், அப்பா மீன் வியாபாரி என்றதும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

“மடியில என்னத்தயாக்கும் டீச்சர் பச்சப்பிள்ளைய மாதி வச்சிட்டு இருக்கிய?”

திறந்து காட்டி, சனி, நிலவு, கடல், ஊற்று என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“இது எங்க பிளாண்டுல பைப்புக்க உள்ள பிடிக்க சுண்ணாம்பு இல்லியா! மாசத்துக்கு ஒருக்கா ஆசிட்டு ஊத்திச் சொரண்டுவோம். இதக் கொண்டு காட்டதுக்குப் பிளைட்டு டிக்கெட்டும் தருவினுமா?”

படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பொறுமையான சிரிப்பு உண்டு. அதைச் சிரித்தேன்.

அடுத்த விமானத்துக்கு முன் சோதனையில் ஓர் அதிகாரி டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அதை அப்படியே கவிழ்த்தார். அடியில் எங்கள் கல்யாணத் தேதி வெட்டியிருந்தது. குழல் மூன்று துண்டும் ஒரு பிடித் தூளுமாகத் திரும்பி வந்தது.

பெர்கனில் மழை. பெர்கனில் மழை என்று சொல்வது குளச்சலில் அலை என்று சொல்வதைப் போன்றது என்பது அன்று எனக்குத் தெரியாது. நிற்கும் என்று நினைத்து வாசலிலேயே கால்மணி நேரம் நின்றேன். என் பெட்டி வந்து சேரவில்லை. அதில்தான் கம்பளி, காலணி, மாற்றுத்துணி, இரண்டு கிலோ புட்டுமாவு எல்லாம் இருந்தன. ஹெல்கேயின் ஆராய்ச்சி மாணவி மாரிட் ஒரு மழைக்கோட்டோடு வந்திருந்தாள். வெளிறிய முடியும் முப்பதுக்குள் வயதும் கொண்ட அவள், ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு யோசிப்பாள். அவள்தான் ஆறு மாதமாகக் குழல் வளராமல் பார்த்துக்கொண்டிருந்தவள்.

டிராம் வண்டியில் எதிரே இருந்த இரண்டு மூதாட்டிகள் என் காலைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மாரிட்டிடம் கேட்டேன். அவள் தயங்கி மொழிபெயர்த்தாள்.

“‘இந்தக் குளிரில் விரல் தெரியச் செருப்புப் போட்டிருக்கிறாளே, அவள் ஊரில் போர் ஏதாவது நடக்கிறதோ’ என்கிறார்கள்.”

போர் இல்லை, பெட்டிதான் வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். மூதாட்டிகளில் ஒருத்தி இறங்கும்போது தன் கம்பளி உறையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அது கைக்கு உரியது. பெட்டி கிடைக்கும்வரை அதைத்தான் காலில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வேலை தொடங்கினோம். அவர்களுடைய தொட்டி என் உயரம் இருந்தது. எஃகுச் சட்டம், குளிரூட்டி, நான்கு கேமரா. என் மீன்தொட்டியை நினைத்துக்கொண்டேன். உப்பும் சோடாவும் நானே நிறுத்தேன், காரநீரை நானே கலக்கினேன். மாரிட் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினாள். மந்திரவாதியின் விரலைப் பார்ப்பதுபோல என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை மணிக்கெல்லாம் சாப்பாடு. சாப்பாடு என்றால் எல்லோரும் காகிதப் பொதியைப் பிரிப்பார்கள். இரண்டு துண்டு ரொட்டி, மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டிச் சீவல். அது கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய பால் அடிப்பிடித்ததுபோல இருந்தது. மூன்றாவது துண்டில் பிடித்துப்போயிற்று. சூடான சோற்றைப் பற்றி நான் சொன்னபோது, “நடுப்பகலிலா?” என்று அனுதாபத்தோடு கேட்டார்கள்.

மாலையில் மீன் சந்தைக்குப் போனேன். சாளையும் இல்லை, நெத்திலியும் இல்லை. எல்லாம் சிவப்புச் சதை வெட்டிய பெரிய மீன், ஐசில் படுக்கவைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரன் முகம் வெளுத்துவிட்டது. யாரோ அவன் வீட்டு அலமாரியைத் திறந்த மாதிரி. “புதுசுதான்” என்று நான் சான்றிதழ் கொடுத்தும் அவன் சமாதானம் ஆகவில்லை. மீன் சூப் மட்டும் நன்றாக இருந்தது, அதில் ஒரு பச்சைமிளகாய் மட்டும் கிடந்திருந்தால்.

மூன்றாம் நாள் தொட்டியில் குழல் இல்லை. துளையில் இருந்து மெல்லிய புகைபோல ஒரு வெண்மை எழுந்து பரவியது. தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கலங்கி நின்றது. மீண்டும் செய்தோம். மீண்டும் கலங்கல்.

ஹெல்கே வந்து பார்த்தார். உயரமான, அன்பான மனிதர். “இன்னொரு முறை செய்வோம்” என்றார். என்னிடம் ஒருமுறைதான் சொன்னார். மாரிட்டிடம் ஆறு மாதமாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று ரொட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு அவள் பேசினாள். “அவர் என்மேல் குறை சொல்வதே இல்லை. ‘உன் கை இன்னும் பழகவேண்டும்’ என்று மட்டும் சொல்வார். அடுத்த மாதம் குழு கூடுகிறது. முன்னேற்றம் இல்லையென்றால் என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது நியாயம்தான். நாகர்கோவிலில் வளர்கிறது, இங்கே வளரவில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் வித்தியாசம் நான் மட்டும்தான்.”

இப்போது நானும் இங்கே இருக்கிறேனே, என் கையாலும் வளரவில்லையே என்றேன். “உங்களுக்குப் பயணக் களைப்பு” என்றாள். அந்த நல்ல மனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில், உடைந்த குழலின் தூளையாவது பார்ப்போமே என்று டப்பாவைத் திறந்தேன். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். மாரிட் அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். சிலிக்காவாக இருந்தால் சும்மா கிடந்திருக்கும். அது சோடா பாட்டில் திறந்த மாதிரிப் பொங்கியது.

பொங்கியது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு. என் செய்முறையில் கால்சியம் ஒரு துளிகூடக் கிடையாது. கருவியில் வைத்துப் பார்த்தோம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாரிட் என்னைப் பார்க்காமல் தகட்டைக் கழுவப் போனாள்.

நான் வராந்தாவுக்கு வந்து நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

“அண்ணே, புத்து வளந்த தொட்டிக்கு ஊத்தின தண்ணி எங்க எடுத்தது?”

“டிஸ்டில் வாட்டர் கேன்ல உள்ளதாக்கும் மேடம்.”

“கேன்ல எங்கேருந்து வந்தது?”

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது. டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“மேடம் கோவப்படக் கூடாது கேட்டியளா. டிஸ்டில் வெள்ளம் காச்சி எடுக்க மெசினுக்க காயிலு எரிஞ்சு போயி ஒண்ணர வருசமாச்சு. ஆபீசில எழுதிக் குடுத்தேன். மூணு கொட்டேசன் வேணும்னு திருப்பி விட்டினும். நீங்க வெள்ளம் எங்க, வெள்ளம் எங்கன்னு நிக்கிய. இவ்வளவு ஆசயா செய்யிற வேல முடங்கிரப்பிடாதேன்னு லைப்ரரிக்க பொறத்த உள்ள கெணத்துல கோரி, நல்ல துணியில அரிச்சு ஊத்தினேன். நல்ல வெள்ளமாக்கும். பிரின்சிபால் குடிக்கது அதுதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணே?”

“ஆபீசுக்கு எழுதின பேப்பர்ல நீங்கதான மேடம் ஒப்பு போட்டுத் தந்திய.”

ஐந்து நிமிடத்தில் அந்தக் கடிதத்தின் படம் போனில் வந்தது. ‘வாலை வடி நீர் இயந்திரம் பழுது.’ அடியில் என் கையெழுத்து, தேதியோடு, தெளிவாக. வருகைப் பதிவேடு, தேர்வுத்தாள், விடுப்பு விண்ணப்பம் இவற்றுக்கு நடுவில் நீட்டியிருப்பார். நான் போட்டிருப்பேன்.

கிணற்றில் சுண்ணாம்புச் சத்து. சோடாவோடு சேர்ந்து காத்திருந்திருக்கிறது. காரநீர் தொட்ட இடத்தில் கெட்டிப்பட்டுக் குழலாக நின்றிருக்கிறது. நான் வளர்த்தது எந்த நிலவின் புகைக்கூடும் அல்ல. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஹீட்டரில் மாதாமாதம் பிடிப்பதுதான், கொஞ்சம் அழகாகப் பிடித்திருக்கிறது.

தங்கமணி அண்ணன் மறுபடி அழைத்தார். “மேடம், எனக்க வேலைக்கு ஏதும் வருமா? ரெண்டு வருசந்தான் கெடக்கு.”

“உங்களுக்கு ஒண்ணும் வராது. சாப்பிடுங்க” என்றேன். அதை மட்டும்தான் அன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

மறுநாள் என் உரை. நாற்பது பேர் வருவார்கள். இரவு சாப்பிடும்போதே மனசு பல நல்ல யோசனைகளைச் சொன்னது. மாதிரி வழியில் உடைந்துவிட்டது, அது பொய் இல்லை. ஊரில் மறுபடி செய்து பார்த்துத் தகவல் அனுப்புகிறேன், அதுவும் பொய் இல்லை. பொய்யே சொல்லாமல் தப்பிக்கும் வழிகள் படித்தவர்களுக்கு நிறைய உண்டு. மாரிட் அமிலச் சொட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

காலையில் யோசனையிலேயே டிராமில் ஏறினேன். வெளியே மழை, உள்ளே எல்லோரும் மௌனம். எல்லா நிறுத்தமும் ஒரே மாதிரி இருந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கிப் பார்த்தால் விமான நிலையம். எதிர்த் திசையில் ஏறியிருக்கிறேன். ஓடிப்போக நினைக்கிறவளுக்கு இதைவிட வசதியாக ஒரு தவறு அமையாது.

வந்ததுதான் வந்தோம் என்று பெட்டியை விசாரித்தேன். அது முந்தின நாளே வந்து ஒரு மூலையில் எனக்காக நின்றிருந்தது. சுங்க அதிகாரி புட்டுமாவுப் பொட்டலத்தைக் கையில் ஏந்தினார்.

“இது என்ன தூள்?”

“அரிசி மாவு.”

“உறுதியாகத் தெரியுமா?”

இரண்டு நாள் முன்பாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இப்போது ஒரு கணம் எனக்கே சந்தேகமாக இருந்தது. “திரித்ததை என் கண்ணால் பார்த்தேன்” என்றேன். அவர் விட்டுவிட்டார்.

இருபது நிமிடம் தாமதமாக, நனைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு அரங்கத்துக்குள் போனேன். ஹெல்கே எழுந்து நாற்காலி போட்டார். மாரிட் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். தயாரித்திருந்த படங்களில் முதல் படம் குழல். அதை மட்டும் திரையில் போட்டேன்.

“இது என்செலடஸ் கடலில் வளரக்கூடியது என்று நான் எழுதினேன். இது எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் உள்ள கிணற்றில் இருந்து வளர்ந்தது” என்று தொடங்கினேன். முதலில் சிரித்தார்கள். இந்தியர்கள் வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. கால்சியம் அளவையும் கையெழுத்திட்ட கடிதத்தையும் காட்டியபோது சிரிப்பு அடங்கியது. “நீரைச் சோதிக்க வேண்டியது நான். சோதிக்கவில்லை. இயந்திரம் பழுது என்ற தாளில் கையெழுத்துப் போட்டதும் நான். படிக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே ஆறு மாதமாக வளராததற்குக் காரணம், இங்கே உள்ள நீர் சுத்தமாக இருந்தது. அதை ஊற்றிய கை சரியான கை.”

யாரும் கைதட்டவில்லை. ஹெல்கே எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்தார். “மாரிட், ஆறு மாதமாக நான் உன்னிடம் தவறான பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கிறேன்” என்றார். மாரிட் முகம் சிவந்து எழுந்து வெளியே போனாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

அடுத்து அவள் கேட்ட கேள்விதான் எனக்குத் தோன்றாதது.

“அப்படியானால், அந்தக் கலங்கல் என்ன?”

ஆறு மாதக் குறிப்பேடுகளை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரே வரி: ‘கலங்கல். தோல்வி. ஊற்றிவிட்டேன்.’ தொட்டி தொட்டியாக அவள் கழுவுதொட்டியில் ஊற்றியதைப் புதிதாகச் செய்து, ஒளி பாய்ச்சி அளந்தோம். சுடுநீர் ஆறும்போது சிலிக்கா குழலாகக் கட்டிக்கொள்ளாமல், கண்ணுக்கு எட்டாத நுண்துகள்களாகப் பிரிந்து, அடியில் படியாமல் மிதந்தது. சனிக்குப் போன விண்கலம் அந்த நிலவில் இருந்து பீறிட்ட துகள்களுக்கு நடுவில் கண்டதும் இப்படிப்பட்ட மிக நுண்ணிய சிலிக்காவைத்தான். நிற்கும் புகைக்கூட்டைத் தேடிக்கொண்டு, மிதக்கும் உண்மையை ஆறு மாதமாகச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம்.

கடைசி மூன்று நாளும் நன்றாக வேலை செய்தோம். புட்டு அவித்தேன். பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டால் ஒத்துப்போகிறது.

ஊர் திரும்பியதும் பிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். “நல்ல பிளெக்ஸ், மழைக்குக்கூட நிக்கும், எதுக்குக் கழற்றணும்?” என்றார் முதல்வர். பெர்கனில் இருந்து ஹெல்கே கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார், கிணற்று நீர் ஐந்து லிட்டர் சோதனைக்கு வேண்டும் என்று. வெளிநாட்டுக் கடிதம் என்றதும் ஒன்றரை வருடம் நகராத தாள் ஒரு வாரத்தில் நகர்ந்தது. இயந்திரத்துக்குப் புதுக் காயில் வந்தது. அதில் வடித்த நீரில் செய்து பார்த்தேன். கலங்கல்தான், பெர்கனில் வந்ததைப் போலவே. தங்கமணி அண்ணன் அருகில் நின்று, அது ஏன் கலங்குகிறது, ஏன் படியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றரை வருடத்தில் கேட்காத கேள்விகள்.

பிப்ரவரியில் அறிவியல் கண்காட்சி. முதல்வர் வந்து தொட்டியைப் பார்த்தார். “இதுவா? பால் கலக்கின மாதி இருக்கே. பழையபடி அந்தப் புத்து ஒண்ணு வளத்துக் காட்டப்பிடாதா? கலெக்டர் வாறார்.”

வளர்த்தேன். கிணற்று நீரில், இரண்டே நாளில், முன்னதைவிட உயரமாக. பக்கத்தில் கலங்கல் தொட்டியையும் வைத்தேன். குழலின் கீழே அட்டையில் எழுதினேன்: ‘கல்லூரிக் கிணற்று நீரில் வளர்ந்தது. எந்த நிலவுக்கும் இதனோடு தொடர்பில்லை.’ இரண்டாவது வாக்கியத்தின்மேல் யாரோ பூச்செண்டை வைத்துவிட்டார்கள்.

கூட்டம் முழுக்கக் குழலைச் சுற்றித்தான். கலெக்டர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கலங்கல் தொட்டிக்கு முன்னால் பக்கத்து ஊரான கொட்டாரத்தில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும், நெரிசலில் ஒதுங்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டையில் தங்கமணி அண்ணன் அவரிடம் போனார்.

“அங்க நிக்கது பாக்கதுக்குக் கொள்ளாம், அழகாக்கும்” என்றார், குழலின் பக்கம் கையைக் காட்டி. “அது எனக்க தப்பாக்கும். இஞ்ச வாருங்க. இதாக்கும் நெசமா உள்ளது.”

அந்த அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, உள்ளே ஒன்றும் தெரியாத அந்த வெண்மையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.